பல்லவிக்குப் புள்ளி வைக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆங்கிலக் கவிஞர் ஹென்றி நியூபோல்ட்டின் ‘விட்டாய் லாம்படா’ (வாழ்வின் சுடர்) கவிதையைத் தமிழில் படித்தேன். பிரிஸ்டலில் தான் படித்த கிளிஃப்டன் உறைவிடப் பள்ளியை வைத்து அவர் 1892-இல் எழுதியது. தமிழாக்கம் சரளமாகவே இருந்தது. ஆனால் மூன்று பத்திகளின் முடிவிலும் வரும் ‘பிளே அப்! பிளே அப்! அண்ட் பிளே த கேம்!’ (முனைந்து ஆடு! முனைந்து ஆடு! ஆட்டத்தை நெறியோடு ஆடு!) என்ற வரியை முதல் பத்தியில் மட்டும் முழுதாகப் போட்டுவிட்டு, மற்ற இரண்டிலும் புள்ளி வைத்துவிட்டீர்கள், பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் மாதிரி. இடம் மிச்சம்தான். கவிதை போச்சு.

முதல் முறை அந்த வரி வருவது பள்ளி மைதானத்தில். ஜெயிக்க இன்னும் பத்து ரன், கடைசி விக்கெட். கேப்டன் பையனின் தோளில் தட்டிச் சொல்கிறான். அடுத்தது பாலைவனப் போர். 1885-இல் சூடானின் அபு கிளீயாவில் நடந்த சண்டை என்பார்கள். மணல் ரத்தத்தில் ஊறியிருக்கிறது, கர்னல் செத்துவிட்டார். அதே வரியை ஒரு பள்ளிப் பையனின் குரல் சொல்கிறது. மூன்றாவதில், விழுகிறவர்கள் பின்னால் வருகிறவர்களைப் பார்த்து வீசிவிட்டுப் போகிறார்கள். ஒரு சொல்கூட மாறவில்லை என்பதுதான் பயங்கரம். அந்த ஏகாதிபத்தியப் பெருமிதம் எனக்கு ஒப்பாது. ஆனால் அந்தப் பள்ளி பையன்களை எப்படி வார்த்தது என்பதை இந்த ‘திரும்பச் சொல்லல்’ காட்டுகிற அளவுக்கு எந்தக் கட்டுரையும் காட்டாது.

சந்தமும் இதற்குத் துணை. வரிக்கு நாலு அழுத்தம். அசைகள் எட்டிலிருந்து பதினொன்று வரை கூடியும் குறைந்தும் துள்ளி ஓடும். பல்லவிக்கு வந்ததும் சரியாக எட்டு அசை, லெஃப்ட் ரைட் போடுகிற நடை.

மொழிபெயர்ப்பாளர் நம் வழக்கப்படி அடியின் தொடக்கத்தில் எதுகை வைத்திருக்கிறார். அழகுதான். ஆனால் மூலத்தில் பொறி இருப்பது அடியின் கடைசியில், இயைபில். ஆறாம் வரிகளின் முடிவைப் பாருங்கள்: ‘ஃபேம்’, ‘நேம்’, ‘ஃபிளேம்’. அங்கேயே காது ‘கேம்’ என்பதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். அந்தப் பையனுக்கு வேறு பதில் சொல்ல வழியே இல்லை.

அப்புறம், அடிக்குறிப்பில் ஒரு திருத்தம். போரில் மக்கர் செய்தது கார்ட்னர் என்ற இயந்திரத் துப்பாக்கி. சந்தத்துக்காக அதைக் கவிஞர் ‘கேட்லிங்’ என்ற வேறொரு துப்பாக்கி ஆக்கினார் என்கிறீர்கள். இரண்டு பெயருக்கும் இரண்டிரண்டு அசை, அழுத்தமும் ஒரே இடத்தில். சந்தத்தின் மேல் பழி போட வேண்டாம்.

அடுத்த இதழில் விடுபட்ட இரண்டு வரிகளையும் முழுதாகப் போடுங்கள். விளம்பரத்தில் அந்த இடம் குறைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை