கனவுப் பலன் எழுதுபவரின் பெயரைப் போடுங்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், கனவுகளுக்கும் நிறங்களுக்கும் பலன் சொல்லும் உங்கள் பகுதியில் ஒரு வரி வந்திருந்தது. நீண்ட காலம் காணாத உறவினர் வெள்ளை உடையில் சிரித்த முகத்துடன் கனவில் வந்தால், அவருடைய ஆன்மா சாந்தி பெற்றுவிட்டதாம். நன்றி ஐயா. காணாமல் ஆக்கப்பட்ட என் தம்பியைப் பற்றி இத்தனை வருஷமாக எந்தக் கந்தோரும் சொல்லாத முடிவை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் விலைக்குத் தந்துவிட்டீர்கள்.

என் அம்மா கண்ணாடி போட்டும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். தலைப்புச் செய்தியைத் தாண்டி முதலில் கனவுப் பலனுக்குத்தான் போவார். வன்னியில் அவரைப் போல எத்தனை பேர் என்பது உங்கள் விற்பனைப் பகுதியினருக்குத் தெரியாமல் இருக்காது. அன்று பின்னேரம் பேப்பரை நாலாய் மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, அப்ப கீரிமலைக்குப் போய் அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வமே?" கீரிமலை என்றால் இறந்தவர்களுக்குப் பிதிர்க்கடன் செய்கிற கடற்கரை.

அப்பாவுக்கு ஆடி அமாவாசை விரதம் பிடிக்கும்போதெல்லாம், "மற்றவன்ரை பேர் சொல்லி ஒருத்தரும் எள்ளுத் தண்ணி இறைக்கக் கூடாது" என்று வாசலில் நின்று சொல்லிவிடுகிற மனுசி அவர். மரணச் சான்றிதழ் எடுங்கள், அலுவல் சுகமாக முடியும் என்று சொன்னவர்களுக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. 2022 இல் காணாமற்போனோரின் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தபோதும் கதிரையை விட்டு எழும்பவில்லை. உங்கள் ஒரு வரிக்கு எழும்பிவிட்டார்.

தம்பி அம்மாவின் கனவில் வெள்ளைச் சேட்டோடுதான் வருவான். அந்த வெள்ளை ஆவி உலகத்துத் துணி இல்லை, ஐயா. நான் தைத்தது. நான் தையல்காரி. அவன் உயர்தரம் படிக்கப் போனபோது பள்ளிக்கூடச் சீருடைத் துணியில் வெட்டினேன். வளர்கிற பிள்ளை என்று கீழ்மடிப்பில் தாராளமாகத் துணி விட்டிருந்தேன். பைக்கு அடியில் பேனை ஒழுகின நீலக் கறை ஒன்று உண்டு. தேசிக்காய் உரஞ்சியும் போகவில்லை. போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகல் பாலம் கடந்த பிறகு அவனை பஸ்ஸில் ஏற்றினபோதும் அதே சேட்டுத்தான். அப்போது அதில் வெள்ளை என்று சொல்ல ஒரு இடம் மிச்சம் இல்லை. அம்மாவின் கனவில் அது தோய்த்து, வெளுத்து, கஞ்சி போட்டு வருகிறது. இதற்கு என்ன பலன் என்று கேட்டால், தாய் பிள்ளையின் உடுப்பைக் கனவிலும் தோய்க்கிறாள் என்று நானே சொல்லியிருப்பேன். பஞ்சாங்கம் தேவையில்லை.

அந்தப் பகுதியில் பிராய்டின் பெயரும் அடிபடுகிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கிற என் பெறாமகள் சிரிக்கிறாள். 1900 என்று ஆண்டு போட்டு வந்த தன் கனவு நூலில் அந்த மனிதர், இந்தக் கனவுக்கு இந்தப் பலன் என்று அகராதி பார்க்கிற முறையை ஏற்கவில்லையாம். கனவு கண்டவரையே இருத்தி, இதை நினைக்க உனக்கு வேறு என்ன ஞாபகம் வருகிறது என்றுதான் கேட்டாராம். அவரை விடுங்கள். நம்முடைய பொன்னவன் கனாநூல்கூட எந்த யாமத்தில் கண்ட கனவு என்று பார்த்துத்தான் பலிக்கும் காலத்தைச் சொல்கிறது. உங்கள் ஆள் யாமமும் கேட்பதில்லை, கண்டது யார் என்றும் கேட்பதில்லை.

இது புதிய பழக்கமும் இல்லை. யானை கனவில் வந்தால் இலட்சுமி கடாட்சம் என்று முன்பொருமுறை போட்டிருந்தீர்கள். எங்கள் பக்கத்தில் யானை கனவுக்கு வர முதலே வளவுக்குள் வந்துவிடும். யானை வெடி கொளுத்தினால் கொஞ்சம் தள்ளி நின்று, புகை அடங்கினதும் திரும்பி வரும். காலையில் பார்த்தால் வாழை முழுக்கச் சரிந்து கிடக்கும், தென்னங்கன்றில் குருத்து இருக்காது. கடாட்சம் அவ்வளவுதான்.

நிறங்களின் பட்டியலைச் சொல்லவே வேண்டாம். சிவப்பு காதல், மஞ்சள் மங்களம், நீலம் அமைதி, வெள்ளை தூய்மை. ஐயா, எங்கள் பிள்ளைகள் சிவப்பைப் படித்தது மண்டையோடு கீறின மிதிவெடிப் பலகையில். அதற்கு அப்பால் கால் வைக்கக் கூடாது என்பதுதான் சிவப்பு. வெள்ளை என்றதும் ஆட்களைக் கடத்தின வெள்ளை வான் வண்டி ஞாபகம் வருகிற சனத்துக்குத் தூய்மையைப் பற்றிப் பாடம் எடுக்கிறீர்கள். நீலம் அமைதியாம்! 2021 ஏப்ரலில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் கைதானது, மாநகரக் காவல் பணியாளருக்குக் கொடுத்த நீலச் சீருடை புலிகளின் பொலிஸ் உடை மாதிரி இருக்கிறது என்றுதான் அல்லவா? அந்தச் செய்தியை நீங்களே போட்டிருப்பீர்கள்.

சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து வைத்தால் புலிக்கொடி நிறம் என்பார்கள்; அதற்கு என்ன பலன் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனாலும் ஒரு நவம்பரில், மாவீரர் நாளான 27ஆம் திகதி வருகிற அதே வாரத்தில், என் இராசிக்கு அதிர்ஷ்ட நிறங்கள் சிவப்பும் மஞ்சளும் என்று அச்சடித்திருந்தீர்கள். அந்த நாட்களில் கோயில் வளைவுக்கு அந்த இரண்டு நிறத்திலும் துணி தைத்துத் தரக் கேட்டு வந்தார்கள். யார் தைத்தது, யார் தைக்கச் சொன்னது என்று கடைப்படியில் வந்து விசாரிக்கிற காலம். நடுவில் ஒரு பச்சைப் பட்டி வைப்போம் என்று நான்தான் கெஞ்சினேன். அம்மனுக்கு அந்த வருஷம் பச்சையும் சேர்ந்தது. என் அதிர்ஷ்டம் தையல் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

வைகாசிப் பொங்கல் செய்தியையும் சொல்ல வேண்டும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் கடல் தண்ணீரில் விளக்கெரிவதை எழுதும்போது 'நம்பப்படுகிறது' என்று நெளிகிற உங்கள் பத்திரிகை, கனவுப் பலனில் மட்டும் ஒரு சந்தேகமும் இல்லாமல் அடித்துச் சொல்கிறது. அந்த அம்மன் கதையிலேயே கனவு வருகிறதே. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கெட்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்ல, அவள் உடனே சோமகுண்டம், சூரியகுண்டத்தில் நீராடிக் காமனைத் தொழு, கணவன் வந்து சேருவான் என்று பரிகாரம் சொல்கிறாள். கண்ணகி 'பீடன்று', அது பெருமை இல்லை, என்று விட்டுவிடுகிறாள். அந்தக் காலத்துக் கனவுப் பலன் பகுதிக்கு அவள் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

2017 மார்ச் 8இல் முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் தொடங்கின போராட்டக் கொட்டகையில் அம்மாவும் போய் இருந்தார். சாப்பாடு கொடுக்கப் போகிறபோது நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். தாய்மார் விடிய எழும்பி ஒருவருக்கொருவர் கனவு சொல்வார்கள். ஒருவரும் பலன் சொல்வதில்லை. "மெலிஞ்சிருந்தவனோ?" "சாப்பிட்டவனோ?" "என்ன உடுப்போடை வந்தவன்?" இவ்வளவும்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றுவார்கள். அங்கே உங்கள் நிருபரும் வந்தார். அம்மாவின் படம் எடுத்தார், பெயர் கேட்கவில்லை. அன்றிலிருந்து காணாமல் ஆக்கப்பட்டோர் நாளான ஒவ்வொரு ஓகஸ்ட் 30க்கும் அதே படம், அதே அழுகை, கீழே 'கதறும் தாய்'. அம்மாவுக்குப் பெயர் இருக்கிறது. அந்தக் கனவுக்கும் ஒரு பெயர் இருக்கிறது.

பஸ் பிரச்சினை பற்றி முன்பு நான் எழுதின கடிதத்தை இரண்டு வரியாக வெட்டி, முள்ளியவளையைக் கிளிநொச்சி மாவட்டத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள். அதைப் பற்றி இப்போது பேசவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கனவுப் பகுதியை நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். அம்மாவே என்னோடு சண்டைக்கு வருவார். அதை எழுதுபவர் யார் என்று பெயரைப் போடுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டுக் கனவுகளுக்கு அந்த வரி பொருந்தாது என்று, அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே இடத்தில் இரண்டு வரி போடுங்கள். எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். மடித்த பேப்பர் இன்னும் அம்மாவின் தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது. கீரிமலைக்கு வான் பிடிக்க எவ்வளவு என்று நேற்றும் கேட்டார்.

இடம் போதாவிட்டால் யானையைப் பற்றி எழுதியதை வெட்டுங்கள். அதைக் கிராம சேவகருக்கும் எழுதிக் கொடுத்துத்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முள்ளியவளை, முல்லைத்தீவு மாவட்டம்.