ஸ்கூபா விளையாட்டுச் சாமானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் ராமேஸ்வரம் கடலில் ஸ்கூபா டைவிங் செய்வது, அதாவது காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு நீருக்குள் மூழ்குவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், ‘இவையெல்லாம் விளையாட்டுச் சாதனங்களே, உயிர்காக்கும் கருவி என்று மிரளத் தேவையில்லை’ என்று ஒரு வரி. எழுதியவர் எத்தனை மீட்டர் ஆழத்தில் உட்கார்ந்து இதை எழுதினாரோ!

காலில் மாட்டும் துடுப்பை விளையாட்டுச் சாதனம் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். சிலிண்டரும் ரெகுலேட்டரும் அந்தக் கணக்கில் வராது. ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் (கரையில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு) அடைத்த காற்றை, ஆள் இருக்கும் ஆழத்துக்கேற்ப இறக்கி, மூச்சை இழுக்கும்போது மட்டும் கொடுப்பது ரெகுலேட்டர். 10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் இரு மடங்கு. அங்கே அது மக்கர் செய்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஐரோப்பாவில் இதற்கு இஎன் 250 என்று தனித் தரவிதியே இருப்பது தாங்கள் அறியாததல்ல.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) ஏரியில் தவறி விழுந்தவர்களைத் தேடுவதற்கென்று ஒரு செட் வாங்கினார்கள். இருப்புப் பதிவேட்டில் அது கேரம் போர்டுக்கும் வாலிபால் வலைக்கும் நடுவே ஏறியது. விளையாட்டுச் சாமானுக்கு ஆண்டுப் பராமரிப்பு எதற்கு என்று என் கோப்பு திரும்பி வந்தது. கொடைக்கானல் ஈரம் தன் வேலையைக் காட்டியது. வாயில் கடிக்கும் ரப்பர் விண்டு, உள்ளே பித்தளையில் பச்சைக் களிம்பு. அதைத்தான் ஒரு சின்னப் பையனிடம் கொடுத்து இறங்கச் சொன்னார்கள். காற்றோடு தண்ணீரும் வாய்க்குள் வர, இருமிக்கொண்டே எழுந்தான். கழுத்தளவுத் தண்ணீர் என்பதால் தப்பித்தான். அதே அலுவலகச் சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டருக்கு மட்டும் வருடம் தவறாமல் தேதிச் சீட்டு ஒட்டுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அணையில் யாராவது மூழ்கினால் தங்கள் நிருபர், ‘ஆக்சிஜன் சிலிண்டருடன் வீரர்கள் குதித்தனர்’ என்றே எழுதுகிறார். அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. சுத்த ஆக்சிஜனோடு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரலாம். இதைப் பற்றி முன்பே கடிதம் போட்டேன். தங்கள் குப்பைக்கூடைக்கும் பசிக்குமல்லவா? (பேப்பரே எங்களுக்கு மதியத்தை ஒட்டித்தான் வருகிறது, அது வேறு வழக்கு.)

கட்டுரையின் கடைசியில் ஒரு பயணத் திட்டம் வேறு: காலையில் கடலடி, இரவில் கொடைக்கானல் குளிர்! அடிவாரத்து வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே பெருமாள்மலைக்கு வருவதற்குள் உப்பி நிற்பதை மலைப் பஸ்ஸில் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். இங்கே காற்றழுத்தம் அவ்வளவு குறைவு. கடலடியில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுமுன் மேலே ஏறினால், அது குமிழியாகி மூட்டுகளைப் பிடிக்கும். முதுகுத்தண்டைத் தொட்டால் கைகால் விழுந்துவிடும். இதனால்தான் டைவிங் முடிந்ததும் விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். பறக்கும் விமானத்தின் கேபினுக்குள் இருக்கும் அழுத்தமும் கிட்டத்தட்ட இந்த உயரத்தில் இருக்கும் அளவுதான். விமானத்துக்குப் பயப்படுகிறவர்கள் மலைப் பஸ்ஸில் கூசாமல் ஏறுகிறார்கள். தங்கள் கட்டுரை டிக்கெட்டே எடுத்துக் கொடுக்கிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதே இணைப்பிதழில், அதே பக்கத்தில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள்: ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமாவது, பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமாவது சமவெளியிலேயே தங்கிவிட்டு மலையேற வேண்டும். இடம் போதாதென்றால் இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த மணிக்கணக்கை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவிப் பராமரிப்பாளர்,
கொடைக்கானல்