அப்பாவின் தூக்கத்தை விசாரிக்கும்போது பிள்ளையையும் விசாரியுங்கள்

பெங்களூரு இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

அல்சூர் ஏரிக்கரையில் ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸின் மையம் இருப்பதால், ஓய்வுபெற்ற தமிழ் ராணுவக் குடும்பங்கள் பல இந்த ஊரிலேயே தங்கிவிட்டன. பிரஷர் மாத்திரைக்கு உங்களிடம் வருகிறவர்களில் 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்தவர்கள் உண்டு, 1999இல் கார்கிலில் நின்றவர்கள் உண்டு, காஷ்மீரில் கண்ணிவெடி எடுத்தவர்களும் உண்டு. போர் மனசில் விட்டுப்போன காயத்தை (பி.டி.எஸ்.டி.) வெளியே சொல்லாமல், "தூக்கம் சரியில்லை சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இலங்கைக்குப் போனவர்கள் அதைக்கூடச் சொல்லத் தயங்குவார்கள். அங்கே காதில் விழுந்த அலறல் அவர்களுடைய தாய்மொழியில் இருந்தது.

இலங்கைக்கும் கார்கிலுக்கும் போனவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் வளர்ந்துவிட்டார்கள். ஆனால் இப்போது நாற்பதுக்குள் சர்வீஸ் முடித்து வருகிற சிப்பாயின் பிள்ளை பள்ளிக்கூடத்தில்தான் இருக்கும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறோம்: அவரிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்கிற அன்றே, கூட வந்த மனைவியிடம் தனியாகப் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள்.

கேட்டால் என்ன வரும்? வாசலில் பைக் ஸ்டாண்டு விழுகிற சத்தத்திலேயே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று பிள்ளை கணித்துவிடும். டிவி சத்தத்தைத் தானே குறைக்கும். நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பியிருக்கும், காலையில் வயிறு வலிக்கும். பள்ளியில் 'கவனமில்லை' என்று எழுதி அனுப்புவார்கள். அதன் கவனம் முழுக்க வீட்டில் இருக்கிறது. அப்பா கத்துவதைவிட அவர் மரத்துப்போய் இருப்பதுதான் பிள்ளையை அதிகம் வாட்டுகிறது என்பது எங்கள் கணிப்பு. கூட்டத்துக்குப் பயந்து ஆண்டுவிழாவுக்கு அவர் வராமல் இருந்தால், 'என்மேல் பாசமில்லை' என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

வீட்டாருக்கு நீங்கள் அப்போதே சொல்லித்தரக் கூடியவை சில. கெட்ட கனவில் திமிறுகிறவரைத் தொட்டு எழுப்பக் கூடாது. லைட்டைப் போட்டு, கால்மாட்டில் எட்டி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த வேலையைப் பிள்ளையிடம் விடவே கூடாது. தீபாவளிக்குத் தெருவில் எப்போது வெடிப்பார்கள் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். பிள்ளையிடம், "அப்பாவுக்கு மனசில் காயம். உன்னால் வந்ததில்லை. டாக்டர் பார்க்கிறார்" என்றால் போதும், போர்க்கதை வேண்டாம்.

ரம்மைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், பின்னிரவில் அது கலையும், கனவு திரும்பும். தினமும் நிறையக் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள்; இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். குளோனாசிபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை இந்த மனக்காயத்தை ஆற்றாது, குடியோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும். இந்தக் காயத்துக்குக் கொடுக்கிற செர்ட்ரலின் மாத்திரை வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இரண்டாம் வாரமே 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள்.

பிள்ளையும் உங்கள் திட்டத்தில் சேர்ந்ததுதான். இந்த ஊர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கென்றே தனி மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே அனுப்பலாம். அதுவரைக்கும் மருந்துச் சீட்டின் அடியில் 14416 என்று எழுதிக் கொடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சீட்டைப் பத்திரமாக எடுத்து வைப்பது பெரும்பாலும் மனைவிதான்.

இப்படிக்கு,
ராணுவக் குடும்பங்களோடு வேலை செய்யும் தமிழ் மனநல ஆலோசகர்கள் சிலர்,
பெங்களூரு