மரத்தை வெட்டும் முன் அதன் கட்டையைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தொழிற்சாலை மனைகளும் கைவிடப்பட்ட பட்டறைகளும் குடியிருப்புகளாக மாறும்போது, பெரும்பாலும் முதலில் நடப்பது அங்கு நிற்கும் மரங்களை வெட்டுவதுதான். மண் பரிசோதனை என்று ஒன்று நடந்தால் அது அதற்குப் பிறகே நடக்கிறது. மண்ணுக்கடியில் தேங்கியிருக்கும் ரசாயனத்தை நாள்தோறும் வேரால் உறிஞ்சிக்கொண்டிருக்கும் மரத்தை, ஒரு சிறு சோதனைகூடச் செய்யாமல் அகற்றிவிடும் இந்த வழக்கம் மாற வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் டிரைகுளோரோஎத்திலீன், உலர் சலவைக்குப் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன் ஆகிய கரைப்பான்கள் நீரைவிடக் கனமானவை. இவை சிந்தினால் நிலத்தடி நீர்மட்டத்தையும் தாண்டிக் கீழே இறங்கி, பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கி, சிறிது சிறிதாக நீரில் கரைந்து, அந்த நீர் நகரும் திசையில் அண்டை மனைகளுக்கும் பரவுகின்றன. கிணற்று நீரைக் குடிக்காதவர்களுக்கு இதனால் ஆபத்தில்லை என்று பலரும் நம்புகிறார்கள்; அந்த நம்பிக்கைதான் எனக்குப் பெரும் கவலை தருகிறது. இந்தக் கரைப்பான்கள் எளிதில் ஆவியாகி, மண்ணின் துளைகள் வழியே மேலேறி, தரைத்தள விரிசல்களிலும், குழாய்கள் தரையைத் துளைத்து வரும் இடைவெளிகளிலும் நுழைந்து வீட்டுக் காற்றில் கலந்துவிடுகின்றன. மூக்கு உணரும் அளவை எட்டுவதற்கு வெகு முன்பே அந்தக் காற்று தீங்கானதாகிவிடும். டிரைகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் வகைப்படுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, நீண்டகாலம் சுவாசித்தாலும் புற்றுநோய் தவிர்த்த பிற தீங்குகள் நேராது என்று கருதத்தக்க அளவாக ஒரு கனமீட்டர் காற்றுக்கு 2 மைக்ரோகிராம் என்று வரையறுத்தது; கருவிலுள்ள குழந்தையின் இதய வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

மரத்தின் வழியே இந்த மாசைக் கண்டறியும் முறை புதிதல்ல. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டான் வ்ரோப்ளெஸ்கியும் உடன் ஆய்வாளர்களும், தென் கரோலினாவின் சவானா ஆற்று வளாகத்தில் மாசடைந்த நிலத்தடி நீருக்கு மேல் நின்ற மரங்களின் தண்டுகளில் டிரைகுளோரோஎத்திலீன் இருப்பதை 1999-இல் வெளியிட்டனர். மிசௌரி மாநிலத்தின் நியூ ஹேவன் என்ற சிற்றூரில் பெர்குளோரோஎத்திலீன் பரவிய பகுதிகளை அறிவதற்கு, அதே நிறுவனம் 1999 முதல் 2003 வரை மரக்கட்டை மாதிரிகளைப் பயன்படுத்தியது.

செய்முறை எளிமையானது. உள்ளீடற்ற திருகுக் கருவியை ஏறத்தாழ இடுப்புயரத்தில் தண்டினுள் கையால் முறுக்கிச் செலுத்தி, பென்சிலைவிட மெல்லிய, சில சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டு ஒன்றை வெளியே எடுக்கிறார்கள். வைரம் பாயாத வெளிக்கட்டையில்தான் நீர் மேலேறுகிறது என்பதால் அந்தப் பகுதியே போதுமானது. துண்டில் உள்ளது காற்றோடு போய்விடாதபடி உடனே கண்ணாடிக் குப்பியில் இட்டு இறுக மூடிவிட வேண்டும். இதில் காட்டும் சுணக்கம் முடிவையே கெடுத்துவிடும். குப்பிக்குள் துண்டுக்கு மேலுள்ள காற்றில் சேரும் ஆவியை ஆய்வகத்தில் அளக்கிறார்கள். ஒரு மரத்துக்குச் சில நிமிடங்கள் போதும், மரமும் பிழைத்துக்கொள்கிறது. ஒரே தண்டைச் சுற்றிப் பல பக்கங்களிலும் மாதிரி எடுத்து, எந்தப் பக்கத்தில் அளவு கூடுகிறது என்று பார்த்தால், மாசின் மூலம் எத்திசையில் இருக்கலாம் என்பதற்கும் குறிப்புக் கிடைக்கும். கண்காணிப்புக் கிணறு என்பது ஒரு புள்ளியின் நிலையை மட்டுமே சொல்லக்கூடியது. மரமோ வேர் பரவிய மண் முழுவதிலிருந்தும் நீரை எடுக்கிறது.

கட்டடங்களைப் பொறுத்தவரை இதில் இன்னொரு பயனும் உண்டு. வேர்கள் நிலத்தடி நீரை எட்டுவதோடு நிற்பதில்லை, அதற்கு மேலுள்ள மண்ணில் நிறைந்திருக்கும் ஆவியையும் ஏற்கின்றன. வீட்டுக்குள் புகும் ஆவியும் இதே மண்ணைக் கடந்துதான் வருகிறது. ஆகவே வீட்டருகே நிற்கும் மரங்களைக் கொண்டு உள்ளே ஆவி புகும் வாய்ப்பை மதிப்பிடலாம் என்பதை, மிசௌரி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜோயல் பர்க்கனும் அவரது குழுவினரும் ஆய்ந்து எழுதியுள்ளனர். எந்த வீட்டாரையும் தொந்தரவு செய்யாமல், யாருடைய தரையையும் துளைக்காமல், தெருவோர மரங்களிலிருந்தே தொடங்கலாம் என்பது சிறிய வசதியல்ல.

இம்முறையின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். நீர்மட்டம் வேருக்கு எட்டாத ஆழத்தில் இருந்தாலும், இடையில் தடித்த களிமண் படலம் இருந்தாலும் மரம் எதையும் காட்டாமல் போகலாம். பலத்த மழைக்குப் பின் அளவு குறையும். குழாய் நீர் ஊற்றி வளர்க்கும் மரம் அந்த நீரையே பெரிதும் குடிக்கும். பெட்ரோலிலுள்ள பென்சீனை வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடுவதால் அதற்கு இது அவ்வளவு பொருந்தாது. எனவே மரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதைக் காட்டி ஒரு மனைக்குத் தூய்மைச் சான்று வழங்கக் கூடாது. கிடைத்தால், அங்கே மண்ணின் ஆவியையும் வீட்டுக் காற்றையும் முறைப்படி அளக்காமல் விடவும் கூடாது.

கரைப்பான் புழங்கிய மனைகளில் மரம் வெட்ட அனுமதி கோரும்போதே கட்டை மாதிரிச் சோதனையின் முடிவையும் இணைக்க வேண்டும் என்று விதி வகுப்பது, உரிய அதிகாரிகளால் இயலாத காரியமல்ல. மாதிரியை நிலத்தின் உரிமையாளர் அமர்த்தும் ஆளைவிடச் சார்பற்ற ஆய்வகமே எடுப்பது நல்லது. முடிவையும் கோப்பில் முடக்காமல் அண்டை வீட்டாருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தங்கள் வீட்டுக் காற்றைச் சோதிக்கும்படி கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்