காட்டில் பெட்டி தேட வரும் நண்பர்களுக்கு ஒடுகத்தூரிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள ஜியோகேச்சிங் நண்பர்களே,

சனி, ஞாயிறு ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஜவ்வாது மலைக்கு வருகிறீர்கள். ஒடுகத்தூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். உங்களில் சிலர் என் கடையில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு எதிர்க் கடையில் டீ குடித்திருப்பீர்கள். ஒருவர் பெட்டியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார்; மற்றவர்கள் ஜிபிஎஸ் பார்த்துத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதுவார்கள். நானும் இந்த ஜியோகேச்சிங் விளையாட்டை ஆடுகிறவன்தான். அந்த உரிமையில் கேட்கிறேன்: காப்புக்காட்டுக்குள் இனிமேல் பெட்டி ஒளிக்காதீர்கள். ஏற்கெனவே வைத்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

முதல் தப்பு செய்தவன் நானே. மூன்று வருடத்துக்கு முன் கானாற்றை ஒட்டிய பாறை இடுக்கில் ஒரு டிபன் பாக்ஸை வைத்தேன். உள்ளே நோட்டு, பென்சில், இரண்டு கீ செயின். மரத்தடியில் நின்றபடியே போனில் இடக்குறிப்பை எடுத்து இணையத்தில் போட்டுவிட்டேன். அங்கேதான் வினை.

2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிசகை நீக்கியது. மே 3-ஆம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் இந்த விளையாட்டின் முதல் பெட்டியாக ஒரு வாளியை வைத்தார். அன்றிலிருந்தே, ஜிபிஎஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நமக்கெல்லாம் ஒரு மயக்கம். ஆனால் செயற்கைக்கோள் இருப்பது 20,000 கிலோமீட்டருக்கும் மேலே. அங்கிருந்து வருகிற சிக்னல் சன்னமானது. ஈர இலை அதை உறிஞ்சும், பாறை அடித்துத் திருப்பிவிடும். பள்ளத்தாக்கில் நின்றால் பாதி வானத்தை மலையே மறைத்துவிடும். ஆகவே போனில் தெரியும் புள்ளி நீங்கள் நிற்கும் இடத்தில் நிற்காது. கட்டாந்தரையில் ஐந்து மீட்டர் தப்பு என்றால் இங்கே இருபது, முப்பது.

நான் குறிப்பு எடுத்த இடமும் அப்படித்தான். மழைக்காலம் முடிந்து புதர் மண்டிக்கிடந்த சமயம் தேடி வந்த இருவர், பெட்டி இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் தேடியிருக்கிறார்கள். உன்னிமுள்ளைப் பிடுங்கி, கல்லைப் புரட்டி, மரப்பொந்தில் கைவிட்டு. கட்டுவிரியன் படுக்கும் இடங்கள் அவை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2023-இல் எங்கள் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் குழந்தை இறந்துபோனது. உடலைத் தாய் சுமந்துகொண்டே மலையேறினாள். மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி. சிக்னலே இல்லாத பள்ளத்தில் உங்களை யார் தூக்கி வருவது?

கடைக்காரனாக ஒரு இடைச்செருகல். மலையில் நெட்வொர்க் இல்லையென்றால் போன் செயற்கைக்கோளைத் தானே தேடிப் பிடிக்க வேண்டும். நேரமாகும், பேட்டரி கரையும். கீழே திறந்த வெளியிலேயே ஜிபிஎஸ்ஸைப் போட்டு, புள்ளி நிலைத்தபின் நடங்கள். மேப்பை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இடக்குறிப்பில் அட்சரேகை 12 பாகை 46 நிமிடம் என்று இருப்பதை 12.46 என்று அடிக்காதீர்கள். நிமிடத்தை அறுபதால் வகுத்தால்தான் பாகைக் கணக்கு வரும்; 12.767. அப்படி அடித்துவிட்டு, போன் கெட்டுப்போச்சு என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர் இருக்கிறார். வடக்கு-தெற்கில் மட்டுமே 34 கிலோமீட்டர் தப்பு, போன் என்ன செய்யும் பாவம்.

சரி, என் டிபன் பாக்ஸ் என்ன ஆனது? ஆடு மேய்க்கும் அண்ணன் ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. தொடவில்லை. காட்டுப்பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய், அதாவது கடித்தால் வெடிக்கும் நாட்டுவெடி, என்று நினைத்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் சேதி வனக்காவலர் வரைக்கும் போய், நான் கைகட்டி நின்றேன். 1882-ஆம் வருடச் சட்டப்படி அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைந்ததே குற்றம் என்று அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் பெட்டி வைக்க வேண்டும் என்று நம் விளையாட்டின் விதியே சொல்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் வைத்தேன், வெட்கம்தான்.

மலைக்காரர்களின் சந்தேகத்துக்கும் காரணம் உண்டு. இது சந்தனக் கடத்தல் பார்த்த மலை. 2015 ஏப்ரலில் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். போனைப் பார்த்தபடி மரம் மரமாகச் சுற்றும் வெளியூர் ஆளை இங்கே யாரும் விளையாட்டுக்காரன் என்று நினைக்க மாட்டார்கள்.

தயவுசெய்து ‘புதையல் வேட்டை’ என்றும் சொல்லாதீர்கள். நம் பக்கம் அந்தச் சொல்லுக்கு நள்ளிரவுப் பூசை, எலுமிச்சம்பழம், கடப்பாரை என்றுதான் பொருள். புதையல் ஆசையில் தோண்டப்பட்ட பழங்காலக் கல்லறைகள் எத்தனையோ. நடுகல் பக்கத்தில் பெட்டி வைத்துவிட்டு ‘கல்லுக்குப் பின்னால் பார்’ என்று குறிப்பு எழுதினால் அடுத்த மாதம் அந்தக் கல் அங்கே இருக்காது.

அதற்காக மலைக்கே வராதீர்கள் என்று சொல்லவில்லை. பெட்டியே இல்லாத எர்த்கேச் இருக்கிறது. பாறையையும் அருவியையும் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்பினால் போதும். அதையும் வனத்துறை அனுமதித்த பாதையில் மட்டும் வையுங்கள். பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை அதுவும் வேண்டாம். சருகு காய்ந்து கிடக்கும்; 2018 மார்ச்சில் குரங்கணியில் தீ எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்று மறந்திருக்க மாட்டீர்கள். பெட்டிதான் வேண்டும் என்றால் மலையூரில் ஒரு வீட்டுத் திண்ணையைக் கேளுங்கள். வருகிறவர்கள் அந்த வீட்டில் சாமையோ தேனோ வாங்கிக்கொண்டு போகலாம்.

என் டிபன் பாக்ஸ் இப்போது அந்த ஆடு மேய்க்கும் அண்ணன் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. அவரிடம் கேட்டு வைத்தது. தலைக்கு மேல் வானம் திறந்திருக்கிறது, புள்ளி அசையாமல் நிற்கும். நோட்டில் பாதிப் பக்கம் காலி. பென்சிலை மட்டும் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். வரும்போது ஒன்று கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஒடுகத்தூர் செல்போன் கடைக்காரன்