நாளை மேடைக்கு நான் வரமாட்டேன், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

நாளை டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். ஒவ்வோர் ஆண்டும் இதற்கு முந்தைய மாலையில், மேடைக்குப் படிக்கட்டைத் தவிர வேறு வழி வைத்திருக்கிறார்களா என்று விழா நடத்துபவர்களிடம் தொலைபேசியில் கேட்பது என் வேலையாக இருந்தது. இந்த ஆண்டு வேறு யாராவது கேட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். கேட்காவிட்டால் இப்போதாவது கேட்கச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் நான்கு பேர் சக்கர நாற்காலியோடு உங்களைத் தூக்குவதை நீங்கள் எவ்வளவு வெறுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

விலகல் கடிதத்தில் "சொந்தக் காரணங்களால்" என்றுதான் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியோடு உங்களை விட்டுப் போக மனம் ஒப்பவில்லை. நேரில் வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிடுவேன். பொதுவில் எழுதுவதற்குக் காரணம், நம் தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கும், குறையைக் கண்டும் சான்றிதழ் கொடுக்கலாமா என்ற இந்தக் கேள்வி இன்றோ நாளையோ வரத்தான் போகிறது. நம் அலுவலகப் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வசதி இருக்கிறதா என்று நம்மை அழைத்துத் தணிக்கை செய்துகொண்ட பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் படிப்பார்கள். ஆகவே நான் விலகக் காரணமான அந்தப் பள்ளியின் பெயரையும் ஊரையும் எழுதமாட்டேன். தணிக்கைக்குப் பேசிய தொகையைப் பற்றியும் எழுதமாட்டேன். அது உங்கள் கைக்கு வரவில்லை, அணைக்கட்டு மலைக் கிராம முகாம்களுக்குத்தான் போகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற யாரும் உங்களைத் தவறாக நினைத்துவிடக் கூடாது.

எனக்கு அங்கே சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று கட்டிய அந்தச் சாய்தளத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அன்று காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்தும் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பாமல் உங்களுக்காக வெயிலில் நிற்க வைத்திருந்தார்கள். வராந்தா தரையிலிருந்து 3 அடி உயரம். புதிதாகக் கட்டிய சாய்தளத்தின் நீளம் 14 அடி. அளவு நாடாவின் ஒரு முனையை நான்தான் பிடித்திருந்தேன். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். 3 அடிக்கு 36 அடி வேண்டும் என்பதை அந்த இடத்தில் உங்களைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை. கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. போதாததற்குத் தரையில் வழுவழுப்பான டைல்ஸ். நாடாவைச் சுருட்டிக்கொண்டு நான் உங்களைப் பார்த்தேன், "இதில் ஏற வேண்டாம், அப்படியே குறித்துக்கொள்வோம்" என்று சொல்லப் போகிறீர்கள் என்ற எதிர்பார்ப்பில். ஆனால் தாளாளர் பொன்னாடையோடு மேலே காத்திருந்தார். வாட்ச்மேன் பின்னாலிருந்து தள்ள, வேன் ஓட்டுநர் முன்னால் நின்று நாற்காலியின் கால்பலகையைப் பிடித்து இழுக்க, பாதியில் சக்கரம் ஒருமுறை வழுக்கிப் பின்னால் வந்து, வாட்ச்மேன் தன் முட்டியைக் கொடுத்து நிறுத்தி, ஒருவழியாக நீங்கள் மேலே போய்ச் சேர்ந்தீர்கள். உங்கள் முந்தானை நுனியில் சக்கரத்தின் கறுப்பு படிந்திருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நீங்கள் கும்பிட்டீர்கள்.

இறங்கும்போது இன்னும் மோசம். சரிவு அதிகமான இடத்தில் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும் என்று நீங்கள் எத்தனை பயிற்சிகளில் செய்து காட்டியிருக்கிறீர்கள்! அந்த ஓட்டுநருக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? நேராகவே இறக்கினார். நான் முன்னால் ஓடிப்போய் உங்கள் இரண்டு முட்டிகளையும் பிடித்துக்கொண்டேன். உங்கள் கை என் தோளை அழுத்திய அழுத்தம் எனக்கு இன்னும் தெரிகிறது. அதன் பிறகு காரில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினீர்கள்: "சாய்தளம்: உள்ளது. மேம்படுத்தப்படலாம்."

அந்த அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று நான் எல்லோர் முன்னிலையிலும் கேட்டது உங்களைப் புண்படுத்தியிருக்கும். அதற்காக வருந்துகிறேன், அக்கா. தனியறையில் கேட்டிருக்கலாம். ஆனால் தனியறையில் கேட்டிருந்தால் நீங்கள் டீ வரவழைத்து, என்னைச் சமாதானப்படுத்தி, என் பெயரையும் அப்படியே விட்டிருப்பீர்கள் என்பதும் உண்மை. நீங்கள் அன்று சொன்ன பதில்தான் என்னால் விழுங்க முடியாததாக இருக்கிறது. "நடக்கிறவளுக்குத்தான் கண்ணு இவ்வளவு அவசரம். நான் சின்ன வயசுல இருந்து காத்துக்கிட்டிருக்கேன்" என்றீர்கள். அதற்கு மேல் பேச எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பதைப் போல அறையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் குனிந்துகொண்டேன்.

நீங்கள் சொன்னதில் பொய் இல்லை. உங்களை எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் உங்கள் அப்பா சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். நான் நடந்தே போனேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களிடம் கற்றது. காட்பாடியில் வொர்த் டிரஸ்ட்டில் தயாராகும் பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற, பார்வையற்றோருக்கான தட்டச்சு இயந்திரத்தின் விசைகளில் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து என் பெயரை அடிக்க வைத்தீர்கள். ஒரு தாயிடம் "பிள்ளைக்கு என்ன குறை" என்று தொடங்காமல், "பிள்ளைக்கு என்ன பிடிக்கும்" என்று தொடங்கச் சொன்னீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு என்று அரசு கொடுத்திருக்கும் சலுகைகள் பெற்றோருக்கே தெரியாமல் கிடந்தபோது, குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பீடி சுற்றும் அம்மாக்களுக்கு நடுவே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தீர்கள். அப்படிப்பட்டவர் ஒரு தாளாளரின் பொன்னாடைக்கு ஏன் இத்தனை மரியாதை கொடுக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

உங்கள் வாதத்தை நான் மறக்கவில்லை. கதவைச் சாத்தி வைத்திருப்பவரோடு சண்டை போட்டால் அவர் தாழ்ப்பாளும் போட்டுவிடுவார். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வைக்கலாம் என்பீர்கள். அப்படித் திறந்ததும் உண்டு. சான்றிதழ் வாங்கிய இன்னொரு பள்ளியில், பார்வைக் குறைவுள்ள பெண்ணுக்கு இன்று பெரிய எழுத்தில் வினாத்தாள் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். முதல் வரிசையில் உட்கார வைக்கிறார்கள். நீங்கள் பொறுமையாக இருந்ததால்தான் அது நடந்தது. நான் போயிருந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் இந்தப் பள்ளி அப்படியில்லையே, அக்கா. ஜூன் மாதம் ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுத்த பள்ளி இது. அவனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; மூளை முடக்குவாதம் இருந்தாலும் நம் முகாமில் உங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னவன் அவன். "சிறப்பாசிரியர் இல்லை, மற்ற பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். "அவங்க அக்கா படிக்கிற இஸ்கூல்தானே மேடம், கூட்டிணு போயி கூட்டிணு வந்துடுவா" என்று அந்த அம்மா உங்களிடம்தான் சொன்னார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிகளை மட்டும் குறிக்கவில்லை, அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது, பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்பதே அதன் முதல் உட்பிரிவு என்று நமக்கு வகுப்பெடுத்தவர் நீங்கள். 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்க முடியாது, கட்டாயமானவற்றைத் தனியே வகுத்து 3 மாதங்களில் விதியாக்க வேண்டும் என்று சொன்னபோது, அன்று மாலையே எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினீர்கள். அவ்வளவு சந்தோஷமாக உங்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தத் தீர்ப்பைக் கொண்டாடிய கைதான் "மேம்படுத்தப்படலாம்" என்று எழுதியது.

பொறுமை உங்களுடையது, அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இங்கே செலவாவது அவன் வயது. அவன் சேர வேண்டிய வகுப்பில் அரையாண்டுத் தேர்வே வரப் போகிறது, அவன் வாசலில் உட்கார்ந்து அக்காவின் வேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். உங்களைத் தள்ள இரண்டு பேர் வந்தார்கள், ஏனென்றால் நீங்கள் சான்றிதழ் கொடுக்க வந்தவர். அவனைத் தள்ள யார் வருவார்கள்? நடக்கிறவள் என்பதால் எனக்கு இதைக் கேட்கும் தகுதி குறைவு என்றால், அந்தக் கேள்வியை அவனுடைய அம்மா கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் நடை இழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்ததை ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வீர்கள். சொல்லும்போதெல்லாம் உங்கள் குரல் ஒரு கணம் தடுமாறும். அந்த ஊர்க்காரர்கள் நாம். வேலூர் இதைவிட அதிகமாகக் கேட்கலாம், அக்கா. உங்களைப் போன்ற ஒருவர் கேட்டால் மறுக்க யாருக்கும் துணிவு வராது. நீங்கள் கேட்காமல் விட்டதுதான் எனக்கு ஆத்திரம். உங்களுக்குத் தோள்வலி அதிகமாகிவிட்டது, களைத்துப் போயிருக்கிறீர்கள் என்று அண்ணன் சொன்னார். அதை நான் நினைக்காமல் இல்லை. ராத்திரியில் எண்ணெய் தேய்க்க அந்தச் சின்னப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

கோப்புகளையெல்லாம் வட்டாரம் வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். முகாம் பிள்ளைகளின் தனித்துவ அடையாள அட்டை விண்ணப்பங்களில் நிலுவையில் உள்ளவை தனியே சிவப்புக் கோப்பில் உள்ளன. அவற்றை யாராவது விடாமல் பின்தொடர வேண்டும்.

வரும் திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாள் கூட்டத்துக்கு அந்த அம்மாவோடு நானும் போகிறேன். சேர்க்கை மறுத்தது பற்றி மனு எழுதியாகிவிட்டது. நம் அறிக்கையை அதில் இணைக்கவில்லை. அலுவலகத்தில் பார்த்த எதையும் வெளியே கொடுப்பதில்லை என்று உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன். சாய்தளத்தை நாம் அளந்தபோது பள்ளி முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது, அதனால் அதை மட்டும் இங்கே எழுதினேன். ஆனால் அந்தப் பள்ளி சான்றிதழைத்தான் முதலில் எடுத்து நீட்டும். அப்போது முதன்மைக் கல்வி அலுவலகத்திலிருந்து உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். என் பக்கம் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாம் அளந்தது 14 அடி, இருக்க வேண்டியது 36 அடி என்பதை மட்டும் சொல்லுங்கள், அக்கா.

இப்படிக்கு,
உங்கள் தங்கை