வெள்ளிக்கிழமை டாப்புக்கு வர்ற திராட்சை ஏல் பத்தி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்ங்க,

வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணியிலேர்ந்து நம்ம இந்திராநகர் கடையில மூலை டாப்புல, அதாவது மூலையில இருக்கற பீர் குழாய்ல, புது ஏல் (பீர்ல ஒரு வகை) ஒண்ணு ஓடப்போகுது. பெங்களூர் ப்ளூ திராட்சை, பன்னீர் ரோஜா இதழ், தனியா (கொத்தமல்லி விதை), கொஞ்சூண்டு அன்னாசிப்பூ எல்லாம் போட்டு, காட்டு ஈஸ்ட்ல மாசக்கணக்கா கிடந்து தயாரான பண்ணை ஏல். வழக்கமா புது பீர் வந்தா போர்டுல பேர எழுதிட்டு விட்டுருவோம், இதுக்கு மட்டும் மடலே எழுதறோம். ஏன்னா இது புளிக்கும், முதல் வாய் குடிச்சதும் பாதி பேர் "என்னங்க, கெட்டுப்போச்சா"ன்னு தான் கேப்பீங்க. அப்படித் தோணறது இயற்கை, இத்தனை வருஷமா லாகரும் கோதுமை பீரும் பழகின நாக்கு அது. நாங்க கேட்டுக்கறது ஒண்ணே ஒண்ணு, முதல் வாய வெச்சு முடிவு பண்ணிராதீங்க, ஒரு கிளாஸ் வாங்கினா அத அரைமணி நேரம் வெச்சுக்கிட்டு குடிங்க.

இந்த மாதிரி ஏலுக்கு சொந்த ஊரு பெல்ஜியத்தோட தெற்குப் பக்கம், பிரெஞ்சு பேசற வலோனியா, அதுலயும் எய்னோ மாகாணம். அங்க பண்ணைக்காரங்க குளிர்காலத்துல வயல் வேலை இல்லாதப்ப பீர் காய்ச்சி வெச்சுருவாங்க, கோடைல அறுப்புக்கு வர்ற ஆளுங்களுக்கு அதத்தான் ஊத்துவாங்க. வெயில் காலத்துல காய்ச்சினா சூட்டுல கண்ட கிருமியும் சேர்ந்து பாழாயிரும், அதனால தான் குளிர்லயே வேலைய முடிச்சு வெக்கறது. இந்த வகைக்கு சேசான்னு பேரு. டூர்ப்ங்கற கிராமத்துல டூப்பான் குடும்பம் 1920ல வாங்கின பண்ணை ப்ரூவரி இன்னிக்கும் ஓடுது, அவங்க சேசான்ல ஆல்கஹால் 6.5 சதவீதம், உலகத்துல சேசான் காய்ச்சற எல்லாரும் அத ஒரு தடவையாவது குடிச்சுப் பார்த்துட்டுத்தான் அடுப்ப பத்த வெச்சிருப்பாங்க. நம்மளது 6 சதவீதம் கிட்ட.

அடுத்தது காட்டு ஈஸ்ட். இதுல தான் நிறைய கேள்வி வருது. 1883ல கோப்பன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் லேப்ல எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்ல தனியா பிரிச்சு வளர்த்துக் காட்டினாரு, அதுக்கப்புறம் தான் உலகம் பூரா ப்ரூவரிங்க ஒரே வகை சுத்தமான ஈஸ்ட்டுக்கு மாறிச்சு, இன்னிக்கு எந்த ஊர்ல லாகர் வாங்கினாலும் அதே ருசி வர்றதுக்கு அது ஒரு பெரிய காரணம். ஆனா அதே கார்ல்ஸ்பெர்க்ல 1904ல கிளாசன்னு இன்னொருத்தர், இங்கிலாந்துல ரொம்ப நாள் வெச்சு குடிக்கிற ஏலுக்கு அந்த தனி வாசனை வர்றதே பிரெட்டனோமைசிஸ்ங்கற வேற ஒரு ஈஸ்ட்டாலனு சொன்னாரு. சுருக்கமா பிரெட்னு சொல்லுவோம். நம்ம ஏல்ல முதல்ல சேசான் ஈஸ்ட் வேலை செய்யும், அது கைய விட்ட இடத்துல பிரெட் மெதுவா ஆரம்பிக்கும், வாரக்கணக்குல இல்ல, மாசக்கணக்குல. சாதா ஈஸ்ட்டால தின்ன முடியாத பெரிய சர்க்கரைய எல்லாம் கூட அது பொறுமையா தின்னுரும், அதனால தான் திராட்சை போட்டும் இதுல இனிப்பே இருக்காது, வாய் அப்படியே துடைச்ச மாதிரி காய்ஞ்சு போகும்.

பெங்களூர் காத்துல மிதக்கற ஈஸ்ட்ட பிடிச்சீங்களான்னு கேக்கறாங்க, இல்லங்க. பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக்ங்கற புளிப்பு பீர் காய்ச்சறவங்க அப்படி செய்வாங்க, கான்டியோன்னு 1900லேர்ந்து இருக்கற ப்ரூவரி இன்னும் அதே முறை தான், கொதிச்ச தானியக் கஷாயத்த அகலமான செப்புத் தொட்டியில ராத்திரி பூரா திறந்து வெச்சா காத்துல இருக்கறது தானா வந்து இறங்கும். ஆனா அவங்களும் குளிர் மாசங்கள்ல மட்டும் தான் அத செய்வாங்க. நம்ம ஊர் ராத்திரி அந்தளவுக்கு குளிராது, திறந்து வெச்சா நல்லதுக்கு முன்னாடி கெட்டது வந்து உக்காந்துக்கும். அதனால நாங்க சோதிச்ச, சுத்தமா வளர்த்த பிரெட்ட தான் போடறோம். திராட்சைத் தோல் மேல இருக்கற வெள்ளைப் பொடி தான் ஈஸ்ட்டுன்னு ரொம்ப பேர் நினைக்கறாங்க, அது பெரும்பாலும் மெழுகு. உடையாத நல்ல பழத்து மேல பீருக்கு உதவற ஈஸ்ட் ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும்.

பழத்த பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும், ஏன்னா எங்களுக்கு இந்த ஏல் காய்ச்சணும்னு தோணினதே அதுக்காகத்தான். பெங்களூர் ப்ளூ இந்த மண்ணோட பழம், தேவனஹள்ளி, சிக்கபள்ளாப்பூர் பக்கம் எல்லாம் பந்தல் போட்டு வளர்க்கறாங்க, புவிசார் குறியீடு கூட இருக்கு. சூப்பர் மார்க்கெட்ல விக்கற விதையில்லா பச்சை திராட்சை பக்கத்துல வெச்சா இது சின்னதா, கருநீலமா, விதையோட இருக்கும், அதனால நிறைய பேர் ஜூஸுக்கு மட்டும் தான் வாங்குவாங்க. ஒரு பழத்த எடுத்து ரெண்டு விரலால அழுத்திப் பாருங்க, தோல் கையிலயே நின்னுரும், உள்ள இருக்கற சதை மட்டும் பச்சையா உருண்டையா வழுக்கிக்கிட்டு வெளிய வரும், தோலுக்கு ஒட்டி இருக்கற பகுதி இனிப்பு, விதையச் சுத்தி இருக்கறது நல்ல புளிப்பு. அந்த வாசனையும் தனி, சின்ன வயசுல வாங்கின திராட்சை மிட்டாய் வாசனை இதுல தான் இருக்கு, ரெண்டுலயும் மெத்தில் ஆந்த்ரனிலேட்ங்கற ஒரே பொருள் தான். ஒயின்காரங்க நிறைய பேருக்கு இந்த வாசனை பிடிக்காது, ஒதுக்கிருவாங்க. எங்களுக்கு அது பெங்களூர் வாசனை, ஒதுக்க மனசு வரல.

காம்பெல்லாம் ஆஞ்சு, கழுவி, ஃப்ரீஸர்ல கல்லு மாதிரி உறைய வெச்சு, அப்புறம் இளக விட்டு போடறோம். உறையறப்ப உள்ள இருக்கற தண்ணி ஊசி ஊசியா ஐஸாகி தோலையும் சதையையும் உள்ளேருந்தே கிழிச்சுரும், அரைக்காமலே சாறும் கலரும் இறங்கிரும், விதையும் உடையாது, உடைஞ்சா கசப்பு. லிட்டருக்கு 150 கிராம் பழம். முதல்ல ஈஸ்ட் பொங்கறது முடிஞ்சு வேகம் அடங்கினப்புறம் தான் பழம் உள்ள போகும், ஆரம்பத்துலயே போட்டா பொங்கற வேகத்துல வாசனை பூரா கேஸோட வெளிய போயிரும். கிளாஸ்ல ஊதா வரும்னு எதிர்பார்ப்பீங்க, வராது, நல்ல செம்பருத்தி கலர்ல வரும், புளிப்பு இருக்கற இடத்துல திராட்சையோட நிறம் சிவப்புப் பக்கம் சாய்ஞ்சுரும். நுரை கூட ரோஸ் கலரா தான் நிக்கும்.

ரோஜாவுக்கு வர்றேன். கே.ஆர். மார்க்கெட்ல விடியக்காலைல மலையா குவியற ரோஜாவ வாங்கிப் போடலாமேன்னு பக்கத்து கடை அண்ணன் கூட சொன்னாரு. அது மாலைக்கும் பூஜைக்கும் வளர்க்கற பூ, மருந்து அடிச்சு வர்றது, வாயில வெக்கற பொருளுக்கு ஆகவே ஆகாது. குல்கந்து போடறதுக்குன்னே மருந்தில்லாம வளர்த்து நிழல்ல காய வெச்ச பன்னீர் ரோஜா இதழ் தான் வாங்கினோம். மல்லு துணியில மூட்டை கட்டி கடைசி ரெண்டு நாள் மட்டும் டேங்க்ல தொங்க விட்டு எடுத்துட்டோம், அதுக்கு மேல விட்டா சோப்பு வாசனை வந்துரும். ரோஜாவுல இருக்கற ஜெரானியால்ங்கற வாசனைப் பொருள் பீர்ல கசப்புக்குப் போடற ஹாப்ஸ் பூவுலயும் இருக்கு, அத ஈஸ்ட் கொஞ்சம் கொஞ்சமா சிட்ரோனெல்லாலா மாத்தும், அது எலுமிச்சைப் பக்கம் போற வாசனை. அதனால முதல் மோப்பத்துல "ரோஜா எங்க"ன்னு தேடுவீங்க, கிளாஸ் கொஞ்சம் சூடானப்புறம் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒண்ணு வரும் பாருங்க, அதுக்குப் பின்னாடி தான் ரோஜா வரும்.

கொத்தமல்லி விதை, கொதி அடங்கற கடைசி 5 நிமிஷத்துல ஒண்ணு ரெண்டா இடிச்சுப் போட்டது, பெல்ஜியம் கோதுமை பீர்ல போடற அதே பழக்கம். அன்னாசிப்பூ இருக்கா இல்லையாங்கற அளவு தான். மிளகும் கிராம்பும் நாங்க போடவே இல்ல, இத அழுத்திச் சொல்றோம், ஏன்னா ருசி பார்த்த ஒவ்வொருத்தரும் "மிளகு எவ்வளவு போட்டீங்க"ன்னு தான் கேட்டாங்க. அந்தக் காரமும் கிராம்பு வாசனையும் முழுக்க ஈஸ்ட் செய்யற வேலை, தானியத்துல இருக்கற ஒரு அமிலத்த சேசான் ஈஸ்ட் கிராம்பு வாசனையா மாத்தும், அத எடுத்து பிரெட் புகை, தோல் செருப்பு, வைக்கோல், குதிரை லாயம்னு இன்னொரு பக்கம் கொண்டு போயிரும். குதிரை லாயம்னு எழுதினா யார் குடிப்பாங்கன்னு கடையிலயே ஒரு வாக்குவாதம் நடந்துச்சு, ஆனா மறைக்கறதுல என்னங்க இருக்கு, அந்த வாசனை கொஞ்சமா இருந்தா தான் இந்த ஏலுக்கு ஆழம்.

இப்ப குடிக்கற விதம். 200 மில்லி டியூலிப் கிளாஸ்ல 8 டிகிரியில ஊத்திக் குடுப்போம், ஐஸ் மக் கேக்காதீங்க, ஜில்லுனு இருந்தா மூக்குக்கு ஒண்ணுமே எட்டாது, புளிப்பு மட்டும் தான் தெரியும். முதல்ல வாயில வெக்காம மோந்து பாருங்க. அப்புறம் ஒரு சின்ன வாய், அதுல புளிப்பு முன்னாடி வந்து நிக்கும், தாடை ஓரம் கூசும், பயப்படாதீங்க. பனங்கள்ளு குடிச்சுப் பழகினவங்களுக்கு இது சட்டுனு பிடிபடும், அதுவும் யாரும் ஈஸ்ட் போடாம தானா புளிச்சது தானே, காலைல இனிப்பா இறங்கி சாயங்காலம் சுள்ளுனு நிக்கற அந்தப் புளிப்போட சொந்தக்காரன் இது. ரெண்டாவது வாய்க்கு நாக்கு பழகிரும், அப்ப தான் திராட்சை தெரியும். கிளாஸ உள்ளங்கையில ஏந்தி பத்து நிமிஷம் பேசிக்கிட்டு இருங்க, 12, 13 டிகிரிக்கு வந்தப்புறம் குடிச்சா நாங்க மேல சொன்னதெல்லாம் ஒண்ணொண்ணா வரும், கடைசில கொத்தமல்லி விதை வாசனை தொண்டையில நிக்கும். அடியில லேசா மண்டி இருக்கும், அது ஈஸ்ட் தான், வடிகட்டறதில்ல.

ஒண்ணு மட்டும் கவனிங்க. புளிப்பு வேற, காடி வேற. மூக்குல நெயில் பாலிஷ் மாதிரி அடிச்சாலோ, காடி மாதிரி தொண்டை எரிஞ்சாலோ, நூல் மாதிரி கொழகொழன்னு ஊத்தினாலோ அது கெட்டது தான், பிரெட்டுக்கு காத்து நிறைய பட்டா அசிட்டிக் அமிலம் செய்ய ஆரம்பிச்சுரும். அப்படி ஒரு கிளாஸ் வந்தா தயங்காம திருப்பிக் குடுங்க, ஒரு கேள்வி கேக்காம மாத்தித் தருவோம். நல்ல கிளாஸ் எது கெட்ட கிளாஸ் எதுன்னு உங்களுக்கே தெரியணும், அதுக்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதறது.

ஏன் மூலை டாப்பு மட்டும்னா, பிரெட் ரப்பர் ஹோஸ்ல ஒரு கீறல் இருந்தா கூட அதுல போய் ஒளிஞ்சுக்கும், சாதாரணமா கழுவினா போகாது, அடுத்து அதே லைன்ல ஓடற கோதுமை பீரையும் மாத்திரும். அதனால இதுக்கு ஹோஸ், வாஷர், டாப் எல்லாமே தனி, மத்த பீர் பக்கமே போகாது. விலை மத்ததவிட கூடத்தான், இது உக்காந்திருந்த டேங்க்ல அந்த மாசங்கள்ல கோதுமை பீர் திரும்பத் திரும்ப காய்ச்சியிருக்கலாம், அந்தக் கணக்கு தான். வாங்கறதுக்கு முன்னாடி 30 மில்லி சும்மாவே தர்றோம், பிடிக்கலேன்னா எதையும் வாங்க வேண்டாம்.

கூட சாப்பிட கொழுப்பும் உப்பும் இருக்கற ஐட்டம் நல்லா எடுபடும். நெத்திலி வறுவல், மட்டன் சுக்கா, நெய் மினுக்கற தொன்னை பிரியாணி, எல்லாம் இந்தப் புளிப்புல ஒவ்வொரு வாய்க்கும் புதுசா இருக்கும். மிளகாய்க் காரம் ரொம்ப ஏத்தின ஐட்டம் வேண்டாம், கேஸும் புளிப்பும் சேர்ந்து காரத்த ரெட்டிப்பாக்கும், ரோஜா சுத்தமா காணாம போயிரும். இனிப்பு வேணும்னா வறண்ட பால்கோவா ஒரு துண்டு, குலாப் ஜாமூன் வேண்டாம், அந்தப் பாகுக்கு முன்னாடி எந்த ஏலும் வெறும் புளித்தண்ணியா தெரியும்.

இதுல பார்லியும் கோதுமையும் இருக்கு, குளூட்டன் ஒத்துக்காதவங்க தொட வேண்டாம். 21 வயசு நிறைஞ்சவங்களுக்கு மட்டும் தான், அடையாள அட்டை கேப்போம், கோச்சுக்காதீங்க. கர்ப்பமா இருக்கறவங்க, மாத்திரை எடுத்துக்கறவங்க வந்தா அதே திராட்சைல ஜூஸ் போட்டு வெச்சிருக்கோம், அதுவும் அருமையா இருக்கு. வண்டி எடுத்துட்டு வராதீங்க, இந்திராநகர் மெட்ரோவுலேர்ந்து நடக்கற தூரம் தான். இருக்கறது ஒரே டேங்க், தீர்ந்தா அடுத்த திராட்சை அறுவடைக்கு அப்புறம் தான் மறுபடி காய்ச்சுவோம், அதுவும் தயாராக மாசங்கள் ஆகும். சனிக்கிழமை மத்தியானம் 3 மணிக்கு காய்ச்சற தம்பி மூலை டாப்பு கிட்டயே நிப்பாரு, என்ன கேள்வினாலும் அவர்கிட்ட கேளுங்க.

அன்போட,
உங்க இந்திராநகர் கடைக்காரங்க